தெரிந்தே குடித்தது

பாலத்தைத் தாண்டிவிட்டால், முன்பு தங்கியிருந்த மொரிதா சான் வீடு பக்கம்தான், அதற்குள் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கோத்து வைத்துக்கொண்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஏறினதிலிருந்து காந்திமதி முயன்றுகொண்டிருந்தாள். பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர்க் கல்லூரியில் ஜப்பானிய மொழி வகுப்பின் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற சொற்கள்தான். நான், அந்தச் சாற்றில் மீன் இருப்பதை, ஆரம்பத்திலிருந்தே, என்று இதுவரைக்கும் தடங்கலில்லாமல் வந்துவிடுகிறது. கடைசியில் வினைச்சொல் வந்து உட்கார வேண்டிய இடத்தில்தான் நாக்கு மடங்கிக்கொள்கிறது. தமிழ் மாதிரியே ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும். மற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசித்து வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் திருநெல்வேலியில் பேசுகிற வரிசையிலேயே பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள், வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தில்தான் பரிமாற்ற மாணவியாக அரை வருஷம் ஜப்பானில் படிக்கிற வாய்ப்பு அவளுக்கு வந்தது. வினை கடைசியில் வருகிற மொழியில் ஒரு வசதி உண்டு. முழு வாக்கியத்தையும் சொல்லிக்கொண்டே போய், எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கடைசி அடியில் தெரியும் என்று முடிக்கலாம், தெரியாது என்றும் முடிக்கலாம். டிசம்பர் மாதம் பல்கலைக்கழக அலுவலகத்தில், வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்கிற ஒனோ சான் கேட்டபோது, அவள் தெரியாது என்று முடித்தாள். இதே சொற்கள், இதே வரிசை. அவர் தலையைக் குனிந்து நெடுநேரம் நிமிரவில்லை. அவர் நிமிர்வதற்குள் ஒரு தடவை, வெறும் ஒரு தடவை, இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன், ஜப்பானியம் எனக்கு இன்னும் சரியாக வராது என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். அப்படி நினைக்கும்போதெல்லாம் அந்த அறையில் இருந்த ஈரப்பதமூட்டி புஸ்ஸென்று ஆவிவிட்டது மட்டும்தான் துல்லியமாக ஞாபகம் வருகிறது, தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் வருவதில்லை.

வெளியே ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. இந்தக் கடலோர ஊரில் பனி பஞ்சு மாதிரி இறங்காது, பாதி மழையாக, கண்ணாடியில் பட்டதும் வழிந்துவிடும். சாலையின் நடுவில் பதித்த குழாய்த் துவாரங்களிலிருந்து நிலத்தடி நீர் சின்னச் சின்ன ஊற்றாக எழும்பிப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரின் இரும்புக் கறையில் சாலையே காவிப்பட்டுக் கிடந்தது. வந்த புதிதில், பனி வருவதற்கு முன்னால், இது ஏன் இப்படி இருக்கிறது என்று மொரிதா சானிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல், டிசம்பர் வரட்டும், நீங்களே பார்ப்பீர்கள், அன்றைக்கு இரண்டு பேரும் வாசலில் நின்று பார்க்கலாம் என்றார். டிசம்பரில் குழாய் திறந்தபோது அவள் அந்த வீட்டில் இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து சூடான காற்று வந்து கெண்டைக்காலைச் சுட்டது, பாதம் மட்டும் நனைந்த காலணிக்குள் விறைத்திருந்தது. முன் இருக்கையில் இருந்த பெரியவரின் கம்பளிக் கோட்டிலிருந்து நனைந்த நாய் வாசனை வந்தது. மொரிதா சான் வீட்டில் அப்படி ஒரு வாசனையும் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், சோப்பு, அவ்வளவுதான். கணவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது, மகன் நகோயாவில் வேலை, அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து வருகிற மாணவி ஒருத்தியைத் தங்கவைத்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். முதல் நாள் இவள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்ததுமே அவர் கண் போனது இவளுடைய கண்ணாடிக்குத்தான். வணக்கம் சொன்ன கையோடு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இடதுபக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய், காதுக்கம்பியை வெந்நீரில் காட்டி, விரலால் மெல்ல வளைத்து, துடைத்துக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். அன்றிலிருந்து காதுக்குப் பின்னால் வலிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வலித்துக்கொண்டிருந்தது, வலிக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தங்கியிருக்கும் வீட்டுக்காரரை அம்மா என்று கூப்பிடலாம் என்று ஒனோ சான் சொல்லியிருந்தார், மற்றவர்கள் கூப்பிட்டார்கள். இவளுக்கு வரவில்லை. கடைசிவரை மொரிதா சான்தான். பேருக்குப் பின்னால் எல்லோருக்கும் மரியாதையாகச் சேர்க்கிற அந்தச் சானை அவரும் விடவில்லை, மதி சான், மதி சான் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் அதைச் சொல்லும்போது கடைசியில் லேசாக ஒரு ஏற்றம் இருக்கும், யாராவது மாடியிலிருந்து இறங்கி வருவார்களா என்று பார்க்கிற மாதிரி.

மீன், இறைச்சி, முட்டை எதுவும் சாப்பிடமாட்டாள் என்று வருவதற்கு முன்பே ஒனோ சான் சொல்லிவைத்திருந்தார். மொரிதா சான் அதைத் தலைமேல் எடுத்துக்கொண்டார். பூசணி வேகவைத்து, கத்தரிக்காய் சுட்டு, முள்ளங்கியை நெடுநேரம் கொதிக்கவிட்டு, தோஃபுவை விதவிதமாகச் செய்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் இவள் பக்கம் நகர்த்தி, இது செடி, இதுவும் செடி என்று சொல்வார். எல்லாவற்றிலும் ஒரு சாறு ஊற்றியிருந்தது. முதல் நாள் அந்தக் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனதுமே அவள் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வாரத்தில் தேயிலை தேடி அலமாரியைத் திறந்தபோது மீன் படம் போட்ட பாக்கெட்டைப் பார்த்தாள், அதற்குள் மரம் இழைத்த சுருள் மாதிரி காய்ந்த மீன் சீவல் இருந்தது என்பதெல்லாம் பிற்பாடு. அதற்கு முன்பே தெரியும். திருநெல்வேலி டவுனில் அவர்கள் வீட்டுக்குப் பின்பக்க வீட்டில் செல்லப்பழம் அக்கா தூத்துக்குடியிலிருந்து வருகிற மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பல் செய்வாள். அந்த வாசம் கிளம்பியதும் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து அடுக்களை சன்னலைச் சாத்துவாள், சாமி விளக்கு இருக்கிற வீடு என்பாள், ஊதுபத்தி ஏற்றுவாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் காந்திமதி சன்னல் கதவை விரலளவு திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். பத்து வயசிலா, பன்னிரண்டு வயசிலா, எத்தனையோ தடவை. புகையும் கடலும் கலந்த மாதிரி, கொஞ்சம் இனிப்பாக, நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறும். அதே வாசம்தான் மொரிதா சான் வீட்டுக் கிண்ணத்திலிருந்து வந்தது. பாக்கெட்டைப் பார்த்த அன்று அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து, குடிக்கலாமா வேண்டாமா என்று ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை, யோசித்ததாக இப்போது நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் யோசிக்கவில்லை, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி முழுவதும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். அந்த வீட்டில் அதுதான் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். மொரிதா சான் எழுந்த வேகத்தில் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டது. ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை தன் சோற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏமாற்றவில்லை. மீன் துண்டு போடக்கூடாது என்று புரிந்துகொண்டார், சாறு மீன் இல்லை, சாறு ருசி, அவ்வளவுதான். ஏமாற்றியது யார் என்று கேட்டால், பஸ் திரும்புகிற இடத்தில் காந்திமதி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், கேட்டால் என்ன, யாரும் கேட்கப் போவதில்லை, அதுதான் தொந்தரவே.

அவள் அந்த வீட்டைவிட்டுப் போனது மீனால் இல்லை. யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் மனம் குளத்தங்கரை வழுக்குப்பாறையில் கால் வைத்த மாதிரி சறுக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விடும். விமானம் நாளை மறுநாள், பெட்டி கட்டவேண்டும், அப்பாவுக்குச் சட்டை வாங்கவில்லை. இன்றைக்கு விடக்கூடாது என்று பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். அதுதான். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால் முன்னறை விளக்கு எரியும், திரைச்சீலை ஓரம் அசையும், கதவைத் திறப்பதற்குள் உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும். இந்த ஊரில் வீட்டுக்குள் நுழைகிறவர் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லவேண்டும், வீட்டில் இருப்பவர் அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும், நல்லபடியாக வந்து சேர்ந்தாயா என்கிற மாதிரி ஒரு சொல். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே மொரிதா சான் சொன்னார், கணவர் போனபிறகு அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லாமல் நாக்கு மறந்துபோய்விடும்போல் இருந்தது, அதனால்தான் மாணவிகளைத் தங்கவைத்துக்கொள்கிறேன். சாதாரணமாகத்தான் சொன்னார். காந்திமதிக்கு அதன்பிறகு அந்த வீட்டு வாசல் கனக்க ஆரம்பித்தது. வகுப்பு முடிந்து மற்றவர்களோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே மூடிவைத்த கிண்ணங்கள் கண்ணுக்குள் வரும், தான் போகாமல் அவர் சாப்பிடமாட்டார், ஒரு நாளும் ஏன் தாமதம் என்று கேட்கமாட்டார், கேட்டிருந்தால் தேவலை. திருநெல்வேலியில் அம்மா கேட்பாள், எங்களா போன, போன் என்னத்துக்கு வச்சிருக்க என்பாள், பதிலுக்குக் கத்தலாம், முடிந்தது. கேட்காதவரிடம் எப்படிக் கத்துவது. இந்தோனேசியாவிலிருந்து வந்த வுலான் மாணவர் விடுதியில் இருந்தாள்; வெள்ளிக்கிழமை தோறும் விடுதிச் சமையலறையில் எல்லோரும் சேர்ந்து சமைப்பார்கள், பாடுவார்கள், அந்தப் படங்கள் போனில் வந்து விழும், காந்திமதி பூசணித்துண்டை மென்றுகொண்டு மேசைக்கு அடியில் வைத்துப் பார்ப்பாள். விடுதியில் ஓர் அறை காலியாகிறது என்று வுலான்தான் சொன்னாள். நீ ஏன் வரக்கூடாது. அப்போது, ஏன் வரக்கூடாது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, ஏதோ வேடிக்கைக்கதை சொல்கிற மாதிரி, உனக்குத் தெரியுமா, இவ்வளவு நாளும் எனக்கு மீன்சாறு ஊற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டாள். வுலான் சிரிப்பாள் என்று நினைத்தாள். வுலான் சிரிக்கவில்லை. அவள் பன்றி இறைச்சிக்குப் பயந்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்து வாங்குகிறவள். முகம் சிவந்து, எனக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் செத்தே போயிருப்பேன், வா, இப்போதே சொல்லவேண்டும் என்று கையைப் பிடித்து ஒனோ சானிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நடையில் நடுவில் எங்கேயாவது கையை உருவிக்கொண்டிருக்கலாம். படிக்கட்டில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், காலணி நாடா அவிழ்ந்துவிட்டது என்று குனிந்த இடத்தில். குனிந்தபோது, விடுதி அறையில் சன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பொய் தானாகவே நடந்தது. மொரிதா சானை அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். வெளியே போகும்போது உடுத்துகிற சாம்பல்நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒனோ சான் சொல்வதைக் கேட்டுவிட்டு, சாறுகூடவா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் முகம் வெளுத்துப்போனது. காந்திமதி மேசையின் மரவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா அழுதாள், பின்பு தேறிக்கொண்டு, அறியாம நடந்ததுக்குப் பாவம் இல்லளா, சாமிக்குத் தெரியும் என்றாள். நெல்லையப்பர் கோவிலுக்குப் போய், மகளுக்குப் பேர் கொடுத்த காந்திமதி அம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்க ஆரம்பித்தாள், சர்க்கரை உள்ள உடம்பு. அம்மாவிடமும் தெரியாது, அப்பாவிடமும் தெரியாது, கோயம்புத்தூர் வாத்தியாரிடமும் தெரியாது. சொல்லச் சொல்ல அந்தச் சொல் வழவழப்பாகிக்கொண்டே வந்தது. விடுதிக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை பாடினார்கள். இரண்டாவது வாரமே அலுத்துவிட்டது. அவசரத்துக்கு வாங்கிச் சாப்பிடுகிற கப் நூடுல்ஸில் என்ன பொடி போட்டிருக்கிறது என்று அவள் ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்த்தவர் மொரிதா சான். ஜனவரியில் சூப்பர்மார்க்கெட்டில், சோயா சாஸ் அடுக்கியிருக்கிற வரிசையில், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு புட்டியைக் கண்ணருகே கொண்டுபோய் பின்பக்க எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அவர் வீட்டில் அப்போது அவரைத் தவிர யாரும் இல்லை. காந்திமதி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள், கூடையில் இருந்த முட்டைக்கோஸை எதற்கோ அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் படித்து முடிக்கும்வரை. போன வாரம் ஒனோ சானைப் பார்க்கப் போனபோது, மொரிதா சான் உங்களைப் பற்றி விசாரித்தார், இனிமேல் மாணவிகளைத் தங்கவைப்பதில்லை என்று சொல்லிவிட்டார், வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தகுதி தனக்கு இல்லை என்கிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதிலிருந்துதான் இந்த வாக்கியம். தெரியும் என்று முடிக்கவேண்டும். முடித்தால் அவருக்குத் தகுதி திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் தெரியும் என்று சொன்னதும் அவர் கேட்பாரே, தெரிந்துமா போனீர்கள், அப்படியானால் ஏன் என்று. மீன் என்பது மன்னிக்கக்கூடிய காரணம், யாரும் மன்னிக்கலாம். நீங்கள் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை என்பதை எந்த வரிசையில் வைத்துச் சொல்வது, வினையைக் கடைசியில் வைத்தாலும் அதற்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்துவிடுமே. அவர் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். நகோயாவுக்குப் போயிருக்கலாம். பாலம் வந்து, போய்விட்டது. மணியை யாரோ அழுத்தினார்கள், அவள் விரல்தான்.

தெருமுனை திரும்பியதும் முன்னறை இருட்டாக இருந்தது, பகல்தானே, விளக்கு எதற்கு. வாசலில் பனியை ஒதுக்கி நடைபாதை விட்டிருந்தது. அழைப்புமணியை அழுத்திவிட்டு, திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தபோது கதவு திறந்தது. மொரிதா சான் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார், கையில் துடைக்கிற துணி. அவளைப் பார்த்ததும் துணியை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார். உள்ளே வரச்சொன்னார். நாளை மறுநாள் ஊருக்குப் போகிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்று காந்திமதி சொன்னாள், இது ஒத்திகை பார்க்காமலே வந்தது. ஒரு காலணியைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தபோது, அவளுடைய தலைக்கு நேர் எதிரே மொரிதா சானின் தலை இறங்கி வந்தது. அவர் வாசலின் மேல்படியில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, நெற்றி கையில் படக் குனிந்திருந்தார்.

"மதி சான், மன்னிக்கணும். தெரியாம செஞ்சேன்னு சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். கேக்கல."

ஒரு காலில் காலணியும் மறு காலில் ஈரக் காலுறையுமாக அவள் நின்றாள். இந்தக் காட்சியை எந்தப் பஸ்ஸிலும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. எழுந்திருங்கள் என்று சொல்லவேண்டும், அந்தச் சொல் வரவில்லை, வந்தது ஒத்திகை பார்த்த வாக்கியம்தான், முழுசாக, தட்டாமல்.

"அந்தச் சாறுல மீன் இருக்கறது ஆரம்பத்துலேந்தே எனக்குத் தெரியும்."

மொரிதா சான் நிமிர்ந்தார். அவளுடைய முகத்தை, கண்ணாடி கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பார்வையில், ஒரு கணம் நிதானமாகப் பார்த்தார். இதோ, இப்போது கேட்பார் என்று காந்திமதி நினைத்தாள். அவர் முகம் மெதுவாக இளகியது. கண் நிறைந்தது.

"உங்களை உங்க வீட்டுல ரொம்ப நல்லா வளத்திருக்காங்க," என்றார். "எனக்காக இப்படி ஒண்ணு சொல்ல வந்தீங்களே. இவ்வளவு தூரம்."

இல்லை, அப்படியில்லை, நிஜமாகவே தெரியும் என்று அவள் மறுபடி சொன்னாள். அலமாரியில் பாக்கெட்டைப் பார்த்ததைச் சொன்னாள். ஊரில் பக்கத்து வீட்டில் இதே வாசம் வரும் என்று சொன்னாள், மாசிக்கு ஜப்பானியத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் காய்ந்த மீன், காய்ந்த மீன் என்று சொன்னாள், எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் இன்னும் கொஞ்சம் கேட்டேன் என்றாள். சொல்லச் சொல்ல, அவளுக்கே அது இரக்கப்பட்டுக் கட்டிச் சொல்கிற கதையாகத்தான் காதில் விழுந்தது. தெரியாது என்று சொன்னபோது இவ்வளவு சொற்கள் தேவைப்படவில்லை. மொரிதா சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், காய்ச்சல்காரப் பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல. பிடித்திருந்தது என்று சொன்னதற்கு மட்டும் தனியாக நன்றி சொன்னார். பிறகு தேநீர் போடப் போனார். இனிமேல் மாணவிகள் வேண்டாம் என்றது வருத்தத்தினால் இல்லை, வயசாகிறது, படி ஏற முடியவில்லை என்று உள்ளேயிருந்தே சொன்னார். ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. தேநீர் ஆறும்வரை காந்திமதி அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பினார். விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இப்போது தானாகச் சொல்லலாம். கேட்காமலே சொல்லலாம். சன்னலுக்கு வெளியே தெரு தெரிந்தது, திரைச்சீலை ஓரத்தில் நின்றால் தெருமுனைவரை தெரிகிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து பார்த்தாள். காலை பத்து மணிக்கு என்று சொன்னாள்.

பஸ் நிறுத்தத்துக்கு மொரிதா சானும் கூட வந்தார். இருவருக்கும் ஒரே குடை. அம்மாவுக்குச் சொல்லுங்கள், மகள் நல்லவள் என்று ஒரு ஜப்பான்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள் என்றார். அவள் சொல்கிறேன் என்றாள். பஸ் வந்தது. கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கையால் துடைத்தாள். ஒரு முதியவர் பிடித்துத் தள்ளி நடக்கிற சின்ன வண்டியோடு ஏறிக்கொண்டிருந்தார், ஓட்டுநர் இறங்கிவந்து பலகை போட்டார், கதவு திறந்தே கிடந்தது, பனி உள்ளே தெறித்தது. ஐந்தாறு எட்டு வைத்தால் கீழே நிற்கலாம். நம்பாமல்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது நம்பிவிட்டதால், அடுத்தது என்ன வரும் என்று அறிந்தே கேட்காமல் விட்டாரா என்று அவளுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. எழுந்தாள். எழுந்து நின்று வெளியே பார்த்தாள். மொரிதா சான் நிறுத்தத்தில் இல்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி, அவர் வயசுக்குச் சற்று வேகமாகவே வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்; நெடுநாள் வைத்திருந்த ஒரு வேலையை முடித்தவரின் நடை. திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை எடுத்து வைத்துவிட்டு, புறப்படுகிறது, உட்காருங்கள் என்று ஓட்டுநர் ஒலிபெருக்கியில் பணிவாகச் சொன்னார், அவளைத் தவிர யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை. உட்கார்ந்தாள். ராத்திரி அம்மா கூப்பிடுவாள், அந்த அம்மாளைப் பாத்தியா, என்ன சொன்னா என்று கேட்பாள், மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னால் அம்மாவுக்கும் மனசு ஆறிவிடும். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவை அதைச் சொல்ல இனி அவளுக்கு ஆள் இல்லை.